ஏழு கையெழுத்து வீடு

"வீடு பார்க்கப் போற இடத்திலை சுவரைப் பாராதேங்கோ தம்பி. சுவருக்கு நேற்றுத்தான் வெள்ளை அடிச்சிருப்பாங்கள். அண்ணாந்து பாருங்கோ." காரைக் கிளப்பும்போதே அண்ணன் சொல்லிவிட்டார். பலெர்மோவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. முதல் நாள் இரவு பல்லாரோ சந்தையில் சிந்திய மீன் தண்ணீர் இன்னும் கல்தரையில் காயவில்லை. பழைய ஃபியட் பாண்டாவின் பின் இருக்கையில் என் மனைவி, மடியில் அண்ணனின் மனைவி, எங்களுக்கு அக்கா, கட்டிக்கொடுத்த இடியப்பப் பொதி. முன் இருக்கையில் நானும் ஒரு நோட்டும்.

அண்ணன் எனக்கு உறவில்லை. சென்னையில் இருக்கும் ஒரு நண்பர் கைகாட்டிவிட்டவர். 1991இல் இத்தாலிக்கு வந்தவர். 34 வருடமாக சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவிலேயே இருக்கிறார். அங்கே சில ஆயிரம் ஈழத் தமிழர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வீட்டு வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அக்கா 90 வயது மூதாட்டி ஒருவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்துவிட்டு வருகிறார். அண்ணன் மூன்று வீடுகளில் சமையலும் துப்புரவும். அவருடைய சாவிக்கொத்தில் நான்கு வீட்டுச் சாவிகள் தொங்கின. அதில் ஒன்றுதான் அவர் குடியிருக்கும் வீட்டுடையது, அதுவும் வாடகை.

நாங்கள் வீடு பார்க்கக் கிளம்பிய கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாயவரத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டைப் போன வருடம் விற்றோம். ஐந்து பேர் பங்கு. டொராண்டோவில் இருக்கும் தங்கை துணைத் தூதரகத்துக்குப் போய் பவர் பத்திரம் எழுதி அனுப்ப நான்கு மாதம் ஆனது. அண்ணன் தம்பிகளுக்குள் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்து, பிறகு இறங்கிவந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் கைரேகை வைத்துவிட்டு வந்தோம். என் பங்குக்கு 38 லட்சம். சென்னையில் அந்தப் பணத்துக்கு இரண்டு படுக்கையறை வீடு புறநகர் தாண்டித்தான் கிடைக்கும். நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன், மொழிபெயர்ப்பவன். எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். மனைவி பள்ளி வேலையை விடத் தயார் என்றாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. இந்த நேரம் பார்த்துத்தான் சிசிலியில் ஒரு யூரோவுக்கு வீடு என்ற பழைய செய்தி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துசேர்ந்தது.

சம்புக்கா என்ற சிற்றூர்தான் அந்தச் செய்தியால் உலகப் புகழ் பெற்றது. 2019 ஜனவரியில் ஊராட்சி தன்வசம் இருந்த 16 வீடுகளை ஒரு யூரோ ஆரம்ப விலையில் ஏலம் விட்டது. அமெரிக்க நடிகை லொரெய்ன் பிராக்கோ அங்கே ஒரு வீடு வாங்கி, அதைப் புதுப்பிப்பதை ஒரு தொலைக்காட்சித் தொடராகவும் எடுத்தார். 2021இல் ஆரம்ப விலை இரண்டு யூரோ, 2024இல் மூன்று. ஏலம் என்பதால் முடியும் விலை வேறு: முதல் சுற்றில் ஆயிரத்திலிருந்து 25,000 யூரோ வரை போனது. எடுத்தவர் 5,000 யூரோ வைப்புத்தொகை கட்டி, மூன்று வருடத்துக்குள் செப்பனிட்டு முடிக்க வேண்டும். தவறினால் வைப்புத்தொகை போய்விடும். ஒரு யூரோவுக்கு யாரும் குடிபோகவில்லை என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த விளம்பரத்தால் ஊருக்குக் கிடைத்த லாபம் வேறு வகை. ஏலத்துக்கு வந்து ஏமாந்தவர்கள், ஊர் பிடித்துப்போய், தனியார் கையில் இருந்த வீடுகளைச் சாதாரண விலைக்கு வாங்கினார்கள். நாங்களும் அப்படி ஒரு தனியார் வீட்டைத்தான் பார்க்கப் போனோம். மூன்று தளம், 90 சதுர மீட்டர், கேட்ட விலை 28,000 யூரோ. யூரோ நூறு ரூபாயை ஒட்டி நின்ற நேரம் அது. 28 லட்சத்துக்கு மூன்று தள வீடு! மாயவரத்து மனசு அப்படித்தான் கணக்குப் போடும்.

பலெர்மோவிலிருந்து ஷாக்காவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் தெற்கே ஒன்றேகால் மணி நேரம். அறுத்து முடிந்த கோதுமை வயல்கள் தேய்ந்த கோரைப்பாய் நிறத்தில் கிடந்தன. ஊரை நெருங்கும்போது கீழே அரஞ்சோ ஏரி. அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. அரேபியர் காலத்துச் சிறு கோட்டை ஒன்று ஏரிக்குள் நிற்கிறது. தண்ணீர் ஏறினால் மூழ்கும், இறங்கினால் வட்டக் கோபுரங்கள் வெளியே தெரியும். நாங்கள் போன அக்டோபரில் முழுக்க வெளியே நின்றது. கோடை தாங்காத ஏரி என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் படம்தான் எடுத்தேன்.

சம்புக்காவுக்கு அரேபியப் பெயர் ஸபூத். 1920கள் வரை ஊர்ப்பெயரோடு அந்தச் சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. முசோலினி காலத்தில் அதை எடுத்துவிட்டு "சிசிலியின்" என்று சேர்த்தார்கள். பழைய குடியிருப்பின் சந்துகளைச் சரசேனியர் சந்துகள் என்கிறார்கள். கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். ஒரு சந்து திரும்பி, படியேறி, இன்னொரு வீட்டின் முற்றத்தில் போய் முட்டி நிற்கிறது. வெயில் அடிக்கும் நாட்டில் நிழலை எப்படிக் கட்டுவது என்று தெரிந்தவர்கள் கட்டியது.

தரகர் எங்களுக்கு முன்பே வந்து கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி திரும்புகிறது, கதவு அசையவில்லை. அண்ணன் தோளைக் கொடுத்தார். உள்ளே ஒரு வாசம் வந்தது பாருங்கள், அது எனக்குத் தெரிந்த வாசம். பூட்டிக் கிடந்த மாயவரத்து வீட்டைத் திறக்கும்போது வருமே, அதே ஈரச் சுண்ணாம்பும் பழைய துணியும் கலந்தது. கீழ்த்தளத்தில் கழுதை கட்டிய கொட்டடி. சுவரில் வளையம் இன்னும் இருக்கிறது. நடுத்தளத்தில் ஒரு அறை, ஒரு இரும்புக் கட்டில், சுவரில் மாதா படம், 2003ஆம் வருடக் காலண்டர். மேல்தளத்தில் அடுப்படி, அதையொட்டி மொட்டைமாடி. மாடியிலிருந்து ஏரி தெரிந்தது. என் மனைவி அந்த மாடியில் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றாள். விலை பேசப் போகும் இடத்தில் இப்படி நிற்கக் கூடாது. தரகர் கவனித்துவிட்டார்.

அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, உந்த மூலையைப் பாருங்கோ. தேத்தண்ணி நிறத்திலை இருக்கு. தண்ணி வந்து போன இடம். வந்து போனதெண்டா இன்னும் வரும்."

கூரை என்று அவர்கள் சொல்வது மரச்சட்டத்தின் மேல் நாட்டு ஓடு. நம் ஊர் ஓட்டு வீடு மாதிரியேதான், கல்சுவர் மட்டும் அரை மீட்டருக்கு மேல் தடிப்பு. தரகர் ஒரு ஜியோமெத்ராவை வரவழைத்திருந்தார். இந்த ஜியோமெத்ரா என்பவர் நம் ஊரில் இல்லாத பிறவி. அளவையாளரும் அவரே, சிறு கட்டடங்களுக்குப் பொறியாளரும் அவரே, நகராட்சியில் அனுமதி வாங்கித் தருபவரும் அவரே. இத்தாலியச் சிற்றூரில் வீடு வாங்குகிறவர் தரகரை நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஜியோமெத்ரா இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்கக் கூடாது. அவருக்குக் கூலி நாம்தான் கொடுக்க வேண்டும், விற்பவர் அல்ல. வந்தவர் விற்பவரின் ஆள் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. ஆனாலும் மனிதர் பொய் சொல்லவில்லை. கூரைக்கு மட்டும் 18,000 யூரோ, மின்கம்பி, குழாய், கழிவறை, ஜன்னல் எல்லாம் சேர்த்துக் குடிவர 60,000க்குக் குறையாது என்று ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஊரின் நடுத்தெருவில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து கூட்டிக் கழித்தோம். "கன்னியரின் முலை" என்று பெயர் வைத்த ஒரு இனிப்பு அந்த ஊரின் பெருமை. 18ஆம் நூற்றாண்டில் ஒரு கன்னியாஸ்திரி கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். பெயரை மொழிபெயர்க்க அண்ணன் வெட்கப்பட்டார், அக்கா இல்லாத துணிச்சலில் கடைசியில் சொல்லிவிட்டார். உள்ளே பால்களி, பூசணி மிட்டாய், சாக்லேட். இரண்டு தின்றேன்.

வாங்கும் செலவில் அரசு வரி ஒரு ஆச்சரியம். தனியாரிடம் வாங்கும் வீட்டுக்கு வரி, கொடுத்த விலைக்கு அல்ல, அரசுப் பதிவேட்டில் இருக்கும் மதிப்புக்கு. அந்த மதிப்பு பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவு. அங்கேயே குடியிருக்கப் போகிற முதல் வீடு என்றால் 2 சதவீதம், இல்லையென்றால் 9. எப்படியும் 1,000 யூரோவுக்குக் குறையாது. சிற்றூர் வீட்டுக்கு இரண்டுமே கிட்டத்தட்ட அந்த ஆயிரத்தில்தான் வந்து நிற்கும். தரகர் கூலி சதவீதக் கணக்கு. விலை குறைந்த வீட்டுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை கேட்பார்கள். பத்திரம் எழுதும் நோதாயோவுக்குத் தனி. 28,000 யூரோ வீட்டின் மேல் இவை எல்லாம் ஏழு, எட்டாயிரம் ஏறின. விலை குறைந்தால் கூலியும் குறையும் என்ற நம் கணக்கு அங்கே செல்லாது. கையில் 38,000. கூரையோடு சேர்த்துப் பார்த்தாலே துண்டு விழுந்தது.

இது போதாதென்று தரகர் மெதுவாக ஒரு செய்தி சொன்னார். வீட்டுக்கு ஏழு வாரிசுகள். அந்த இரும்புக் கட்டிலில் படுத்திருந்த மூதாட்டி இறந்து இருபது வருடம். மூன்று பேர் சம்புக்காவில், இரண்டு பேர் மிலானில், ஒருவர் சிகாகோவில். ஏழாவது ஆள் இறந்துவிட்டார். அவருடைய வாரிசுகள் யார் என்று இன்னும் பதிவாகவில்லை. அது மட்டுமல்ல, மொட்டைமாடி அடுப்படி பதிவேட்டு வரைபடத்தில் இல்லை. 1980களில் யாரோ அனுமதி இல்லாமல் கட்டிக்கொண்டது. இத்தாலியில் 1967 செப்டம்பர் 1க்கு முன் எழுந்த கட்டடம் என்றால் அனுமதிப் பத்திரம் இல்லாமலேயே விற்கலாம். பிறகு கட்டியதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வரைபடமும் வீடும் ஒத்துப்போகாவிட்டால் பத்திரமே செல்லாது. என் மனைவி ஐந்து நிமிடம் நின்றாளே, அந்த மாடியின் அடுப்படி, சட்டப்படி அங்கே இல்லை.

ஏழு பேர் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தரகர் தப்பாக எடுத்துக்கொண்டார். நான் இந்த வியாபாரத்தின் மறுகரையில் போன வருடம்தான் நின்றவன். டொராண்டோவும் சிகாகோவும் ஒன்றுதான். மலிவான வீடு என்றால் எங்கேயும் இதுதான் பொருள் என்று தோன்றியது: அதன் பிள்ளைகளில் ஒருவருக்கும் அங்கே திரும்பி வரக் காரணம் இல்லை. அவர்களுக்கே இல்லாத காரணம் எங்களுக்கு என்ன இருக்கிறது? ஏரி தெரிகிறது. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும் முன் சந்தில் நின்று கூரைகளைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டி. சில நீல நிறம், சில பழைய சிமெண்ட். நம் சின்டெக்ஸ் தொட்டியை ஓட்டுக்கூரை நடுவில் செருகினால் எப்படியோ அப்படி. சிசிலியின் பல ஊர்களில் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. முறை வைத்து விடுகிறார்கள், வரும்போது நிரப்பிக்கொள்ள வேண்டும். 2024இல் தீவு முழுக்கக் கடும் வறட்சி. அக்ரிஜெந்தோ மாவட்டத்தில் லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள். சம்புக்கா அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்ற என் மனைவி, "இதுக்கு நாம விமானம் ஏறி வரணுமா?" என்றாள். மாடியிலிருந்து இறங்கிய பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

மாலையில் நடுத்தெருவில் ஊரே உலாவியது. அங்கே அது ஒரு சடங்கு. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மேலும் கீழும் நடந்து, நிற்கிறவர்களோடு நின்று பேசுவது. மகள் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள்: "அங்க என் வயசுல யாராவது இருக்காங்களாப்பா?" நான் எண்ணினேன். வெட்கமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். முக்கால் மணி நேரத்தில் பதினான்கு வயதை ஒட்டியவர்கள் ஆறு பேர். ஆறும் ஒரே கூட்டமாகப் போனார்கள், வந்தார்கள். ஆறு பேரும் ஒருவரையொருவர் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள் என்பது நடையிலேயே தெரிந்தது. மகளுக்கு "இருக்காங்க" என்று மட்டும் செய்தி அனுப்பினேன். எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஜிபெல்லீனாவைக் காட்டுகிறேன் என்று அண்ணன் மலைப்பாதையில் திருப்பினார். 1968 ஜனவரி 14 ஞாயிறு பகலிலேயே ஜிபெல்லீனா இருந்த பள்ளத்தாக்கில் நிலம் ஆடத் தொடங்கியது. பயந்தவர்கள் அன்று இரவு குளிரில் வெளியே படுத்தார்கள். விடியும் முன்னே பெரிய அதிர்ச்சி வந்தது. வெளியே படுத்ததால் பிழைத்தவர்கள் பலர். ஆனாலும் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஜிபெல்லீனா, பொஜ்ஜொரியாலே, சலபருத்தா, மொந்தேவாகோ நான்கு ஊர்களும் தரைமட்டம். தகரக் கொட்டகைகளில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்தவர்கள் உண்டு. சம்புக்கா முழுதாக விழவில்லை, விரிசல் விட்டது. அப்போது ஜனங்கள் விட்டுப்போன வீடுகள்தான் ஊராட்சியின் கைக்கு வந்தன. ஐம்பது வருடம் கழித்து ஒரு யூரோவுக்கு ஏலம் போனவையும் அவைதான். செய்திகளில் ஏலத்தைத்தான் எழுதினார்கள், இதைப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

ஜிபெல்லீனாவை வேறிடத்தில் புதிதாகக் கட்டிவிட்டு, பழைய ஊர் இடிந்து கிடந்த இடத்தை அல்பெர்த்தோ பூர்ரி என்ற ஓவியரிடம் கொடுத்தார்கள். இடிபாட்டை அள்ளிக் குவித்து, அதன் மேல் வெள்ளைச் சிமெண்டை ஊற்றி, மலைச்சரிவு முழுக்க ஒரு மாபெரும் போர்வை போர்த்திவிட்டார். ஏறக்குறைய 80,000 சதுர மீட்டர். பழைய தெருக்கள் போன வழியில் வெடிப்புகள் விட்டிருக்கிறார். 1980களில் தொடங்கி, பணமில்லாமல் 1989இல் நின்று, அவர் இறந்து இருபது வருடம் கழித்து 2015இல்தான் வேலை முடிந்தது. அந்த வெடிப்புகளுக்குள் நடக்கலாம். இரண்டு பக்கமும் நெஞ்சுக்கு மேல் உயரச் சுவர். உள்ளே கட்டில், அலமாரி, ஊஞ்சல், பொம்மை எல்லாம் சிமெண்டுக்குள். சிமெண்ட் இப்போது வெள்ளையாக இல்லை, கறுத்துக்கொண்டு வருகிறது. காட்டுச் செடி முளைக்கிறது.

அண்ணன் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவர் ஒரு முனையில் நின்றுவிட்டார். வசாவிளான் அவருடைய ஊர். 1990 ஜூனில் பலாலி முகாமைச் சுற்றி இருந்த ஊர்களோடு அதுவும் காலியானது. போருக்குப் பிறகு அந்த உயர் பாதுகாப்பு வலயத்தைப் பகுதி பகுதியாக விடுவித்தார்கள். அண்ணன் வீட்டுக் காணி இதுவரை அதில் வரவில்லை. "இஞ்சையாவது மேலை ஒரு மூடி போட்டிருக்கிறாங்கள் தம்பி. இதுதான் தெரு, இதுதான் வீடெண்டு சொல்லலாம்" என்றார். என் மனைவி இடியப்பப் பொதியைப் பிரித்தாள். மூவரும் சிமெண்டின் மேல் உட்கார்ந்து சம்பலோடு சாப்பிட்டோம். வேறு என்ன செய்வது?

மறுநாள் பலெர்மோவில் நோதாயோ அலுவலகம். எங்களுக்காக அல்ல. அண்ணன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் இறந்து, பிள்ளைகள் அதை அண்ணனுக்கே விற்க முன்வந்திருந்தார்கள். இரண்டாம் மாடி, 70 சதுர மீட்டர், பால்கனியில் தொட்டியில் கருவேப்பிலை. 62,000 யூரோ, பாதிக்கு மேல் வங்கிக் கடன். அன்று முன் ஒப்பந்தம். ஒட்டிக்கொண்டு நானும் போனேன்.

நம் ஊர்ப் பத்திர எழுத்தரையும் சார்பதிவாளரையும் சேர்த்துப் பிசைந்தால் நோதாயோ. அரசின் அதிகாரம் பெற்றவர். கூலி வாங்குபவர் கொடுத்தாலும் இருதரப்புக்கும் பொது. வில்லங்கம் பார்ப்பது, வரியை வசூலித்து அரசுக்குக் கட்டுவது, பத்திரத்தை முழுக்க வாய்விட்டுப் படித்துக் காட்டுவது எல்லாம் அவர் கடமை. முன் ஒப்பந்தத்தில் கொடுக்கும் முன்பணத்துக்கு ஒரு நல்ல விதி உண்டு: வாங்குபவர் பின்வாங்கினால் அது போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். அண்ணன் 6,000 கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது இங்கிலீஷா தமிழா என்று கேட்டார்கள். தமிழில் போட்டார்.

வேலை முடிந்ததும், நான் இங்கே வீடு வாங்க முடியுமா என்ற என் கேள்வியை அண்ணன் மொழிபெயர்த்துக் கேட்டார். நோதாயோ அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சொன்னது இது. 1942ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் முகப்பிலேயே ஒரு விதி இருக்கிறது: ஒரு வெளிநாட்டவருக்கு இத்தாலியில் என்ன உரிமை என்பது, அவர் நாட்டில் ஒரு இத்தாலியருக்கு அதே உரிமை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் வசிக்காத, இந்திய வம்சாவளியும் இல்லாத வெளிநாட்டவர் இந்தியாவில் வீடு வாங்க முடியுமா? முடியாது. அப்படியானால் சுற்றுலா விசாவில் வந்த எனக்கு அவர் உடனே பத்திரம் எழுதிவிட மாட்டார். வெளியுறவு அமைச்சகத்தின் நாட்டுவாரிப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் பேச்சு. அண்ணன்? அவரிடம் நீண்டகால வதிவிட அட்டை இருக்கிறது. முறையாகக் குடியிருப்பவருக்கு இந்த விதி பொருந்தாது. இலங்கையும் 2014இலிருந்து வெளிநாட்டவருக்கு நிலம் விற்பதைத் தடுத்திருக்கிறது, ஆனாலும் அண்ணனை அது தொடாது. 34 வருடம் பிறர் வீட்டைக் கூட்டியவருக்கு அந்த மேசையில் இத்தாலியருக்குச் சமமான நாற்காலி. பையில் 38 லட்சத்தோடு வந்த நான் ஓரத்து ஸ்டூலில். அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

விசாவைப் பற்றியும் கேட்டேன். வீடு வாங்கினால் விசா என்ற ஏற்பாடு இத்தாலியில் இல்லை. வேலை செய்யாமல் வாழ வருகிறவர்களுக்கு ஒரு விசா உண்டு. ஓய்வூதியம், வாடகை போல உழைக்காமல் வரும் வருமானம் ஒருவருக்கு ஆண்டுக்கு 31,000 யூரோவாவது காட்ட வேண்டும், துணைக்கும் பிள்ளைக்கும் கூடுதல். எங்கள் தாத்தா வீட்டுப் பங்கு முழுவதும் அவர்கள் கேட்கும் ஒரு வருட வருமானம். தொலைவிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு விசா வந்திருக்கிறது. அதற்கும் சுமார் 25,000 யூரோ வருமானம், பட்டமோ நீண்ட அனுபவமோ, உடல்நலக் காப்பீடு. மெய்ப்புப் பார்த்து அந்தத் தொகையைத் தொட்டவரை நான் சந்தித்ததில்லை. இரண்டும் இல்லையென்றால், சொந்த வீட்டிலேயே 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், அதற்கும் ஒவ்வொரு முறையும் ஷெங்கன் விசா. பணத்தை அனுப்புவதில் மட்டும் சிக்கல் குறைவு: ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், வெளிநாட்டில் வீடு வாங்கவும் அனுமதி உண்டு. 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள், கணக்குத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம். 38 லட்சம் அனுப்பினால் 5,60,000 ரூபாய் அப்படி முடங்கும். கூரையில் மூன்றில் ஒரு பங்கு.

வியாழக்கிழமை அக்காவுக்கு அரை நாள் விடுப்பு. பெல்லெக்ரீனோ மலைக்குக் கூட்டிப் போனார். 1624இல் பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது, அந்த மலைக் குகையில் கண்டெடுத்த சாந்தா ரொசாலியாவின் எலும்புகளை ஊர்வலமாக எடுத்துவந்த பிறகு நோய் அடங்கியது என்பது ஐதீகம். இன்று வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் இல்லாமல் தமிழர்கள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். அக்கா சைவம். குகைக்குள் பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரத் தகடுகள் ஏந்தி ஓரமாக வடிக்கின்றன. "வீடு கிடைச்சுது எண்டு சொல்ல வந்தனான்" என்றார் அக்கா. நாங்கள் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சம்புக்காவில் அந்த மூலையில் இப்போது என்ன நிறம் இருக்கும் என்று மனைவி கேட்டாள். மாடியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

நாங்கள் வாங்கவில்லை. போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: விசா எதுவென்று தெரியாமல் வீட்டைப் பார்க்காதீர்கள், பார்த்தால் ஆசை வந்துவிடும். வாரிசு எத்தனை பேர் என்பதை விலைக்கு முன்னால் கேளுங்கள். அக்டோபரில் போகாதீர்கள், அப்போது எல்லா வீடும் நல்ல வீடுதான். ஜனவரியில் போங்கள், கல்வீட்டுக்குள் வெளியைவிட அதிகமாகக் குளிரும், மழை பெய்தால் இன்னும் நல்லது.

அண்ணனின் வீட்டுக்குப் பத்திரம் முடிந்துவிட்டது. கருவேப்பிலைத் தொட்டியை அக்கா பெரிதாக்கியிருக்கிறார், படம் வந்தது. சம்புக்காத் தரகரும் போன மாதம் எழுதியிருந்தார். விலை 24,000க்கு இறங்கியிருக்கிறது. சிகாகோக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இன்னும் ஆறு.